செயில் ஓப்பன் (கோல்ஃப் போட்டி)

செயில் ஓப்பன் என்பது 2008 முதல் 2014 வரையிலான காலத்தில் இந்தியாவில் நடந்து, பிறகு நின்றுபோன ஒரு தொழில்முறை கோல்ஃப் போட்டி. ஆசியன் டூர் என்ற அமைப்பின் ஆண்டு நாட்காட்டியில் இடம்பெற்றிருந்த இப்போட்டிக்குப் பெயரும் பணமும் கொடுத்தது மத்திய அரசின் பொதுத்துறை நிறுவனமான இந்திய உருக்கு ஆணையம். அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்ததுதான் 'செயில்'. பெயரைக் கேட்டதும் பாய்மரப் படகுப் போட்டி என்று நினைத்தவர்களும் உண்டு. பாய்மரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. 2012 முதல் பாரத ஸ்டேட் வங்கியும் புரவலராகச் சேர்ந்துகொண்டதால் அதற்குப் பிந்தைய போட்டிகள் செயில்-எஸ்பிஐ ஓப்பன் என்ற பெயரில் நடந்தன.

சேலம் மாவட்டத்தாருக்கு இந்தப் பெயர் அந்நியமானது அல்ல. சூரமங்கலத்திலிருந்து மேற்கே கஞ்சமலையை நோக்கிப் போனால் வரும் சேலம் உருக்காலை, நம் பேச்சில் 'இரும்பாலை', இந்தச் செயில் நிறுவனத்தின் ஒரு பிரிவுதான். 1981 இல் உற்பத்தி தொடங்கிய ஆலை அது. நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரத்துக்கான தகடும், சட்டைப் பையில் கிடக்கும் நாணயத்துக்கான வில்லையும் அங்கே உருவானவையாக இருக்கலாம். நான் பாடம் நடத்திய வகுப்புகளில் இரும்பாலைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர் இருந்தார்கள். அவர்களில் ஒருவராவது தங்கள் அப்பாவின் கம்பெனி டெல்லியில் ஒரு கோல்ஃப் போட்டி நடத்துகிறது என்று அறிந்திருந்தாரா என்பது எனக்குச் சந்தேகம். அந்த இடைவெளியே இந்தப் போட்டியின் கதையில் ஒரு பாதி.

கணக்கைப் புரிந்துகொள்ள

நம் பக்கத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் ஊட்டிச் சுற்றுலாவில் பஸ் ஜன்னல் வழியாகத்தான் கோல்ஃப் மைதானத்தைப் பார்த்திருப்பார்கள். ஆகவே விளையாட்டின் கணக்கு முறையைச் சொல்லிவிட்டு மேலே போகலாம்.

ஒரு மைதானத்தில் 18 குழிகள் இருக்கும். ஒவ்வொரு குழிக்கும், நன்றாக ஆடும் ஒருவர் எத்தனை அடியில் பந்தைக் குழிக்குள் போட வேண்டும் என்று ஓர் அளவு வைத்திருப்பார்கள். அதற்குப் 'பார்' என்று பெயர். குழி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து பார் 3, 4 அல்லது 5 ஆக இருக்கும். 18 குழிகளையும் கூட்டினால் பல மைதானங்களில் 72 வரும். தொழில்முறைப் போட்டி நான்கு நாள் நடக்கும். ஒரு நாளைக்கு ஒரு சுற்று. நான்கு நாளின் மொத்த பார் 288. ஒருவர் 279 அடியில் முடித்தால் அவர் 'பாருக்கு 9 கீழே' என்பார்கள். பரீட்சையில் அதிக மதிப்பெண் எடுத்தவர் முதல் மாணவர். இங்கே குறைந்த எண் எடுத்தவர் முதல்வர். இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

ஏறத்தாழ 150 பேர் முதல் நாள் ஆடத் தொடங்குவார்கள். இரண்டு நாள் முடிந்ததும் முன்னணியில் உள்ள 65 பேரையும், 65ஆம் இடத்தில் சமநிலையில் உள்ளவர்களையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிடுவார்கள். இதற்கு 'கட்' என்று பெயர். கட்டைத் தாண்டாத தொழில்முறை ஆட்டக்காரருக்கு ஒரு ரூபாயும் கிடையாது. விமான டிக்கெட், தங்கும் அறை, கேடியின் கூலி எல்லாம் அவர் கைச்செலவு. இந்தக் கேடி நம் ஊர்ப் போலீஸ் பேச்சில் வரும் கேடி அல்ல. மட்டைப் பையைச் சுமந்துகொண்டு கூடவே நடந்து, காற்றின் போக்கையும் தரையின் சரிவையும் ஆட்டக்காரருக்குச் சொல்பவர். இந்திய கோல்ஃப் வரலாற்றில் இந்தக் கேடிகளுக்குப் பெரிய இடம் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

'ஓப்பன்' என்ற சொல்லுக்கும் பொருள் உண்டு. பணத்துக்கு ஆடும் தொழில்முறை ஆட்டக்காரர், பணம் வாங்காமல் ஆடும் அமெச்சூர் ஆகிய இரு சாராரும் தகுதி பெற்றால் ஆடலாம் என்பதே அது. எவரும் உள்ளே வரலாம் என்று அதற்கு அர்த்தமில்லை.

2008 பிப்ரவரி

செயில் ஓப்பன் பிறந்த மாதம் இந்திய கோல்ஃபுக்கு ஒரு திருவிழா மாதம். பங்குச் சந்தையும் நில விலையும் உச்சத்துக்குப் போய், இறங்கத் தொடங்கியும் இருந்த நேரம். ஆனாலும் போட்டிகளுக்கான பணம் முன்பே ஒதுக்கப்பட்டிருந்தது. டெல்லியிலும் அதைச் சுற்றியும் ஒரு மாதத்துக்குள் மூன்று சர்வதேசப் போட்டிகள் நடந்தன.

முதலாவது இந்தியன் மாஸ்டர்ஸ். பிப்ரவரி 7 முதல் 10 வரை டெல்லி கோல்ஃப் கிளப்பில் நடந்த இதற்கு எமார் எம்ஜிஎஃப் என்ற கட்டுமான நிறுவனம் புரவலர். ஐரோப்பிய டூரின் போட்டி ஒன்று இந்தியாவுக்கு வருவது அதுவரை அரிது. பரிசுத்தொகை 25 லட்சம் அமெரிக்க டாலர். எர்னி எல்ஸ் போன்ற உலகப் புகழ் பெற்றவர்கள் வந்தார்கள். வென்றவரோ கொல்கத்தாவைச் சேர்ந்த எஸ்.எஸ்.பி. சவுராசியா. ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல்தரை பராமரிக்கும் பணியாளரின் மகன். அந்த மைதானத்திலேயே வளர்ந்து, கேடியாக இருந்து, தானே ஆடப் பழகியவர். 279 அடியில் முடித்து, அயர்லாந்தின் டேமியன் மெக்ரேனை இரண்டு அடியில் முந்தினார். முதல் பரிசு மொத்தத் தொகையில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 4 லட்சத்து 16 ஆயிரம் டாலருக்கு மேல்.

இரண்டாவது செயில் ஓப்பன். மற்ற இரண்டோடு ஒப்பிட்டால் சிறிய போட்டி. ஆசியன் டூருக்கு மட்டும் உரியது. இதில் வென்றவர் நியூசிலாந்தின் மார்க் பிரவுன். மூன்றாவதாக வந்த ஜானி வாக்கர் கிளாசிக் குர்கானின் டிஎல்எஃப் மைதானத்தில் மார்ச் 2 அன்று முடிந்தது. ஐரோப்பிய, ஆசிய, ஆஸ்திரேலிய டூர்கள் மூன்றும் சேர்ந்து நடத்திய பெரிய போட்டி அது. அதிலும் வென்றவர் அதே மார்க் பிரவுன்தான். செயில் ஓப்பனுக்கு முன்பு ஆசியன் டூரில் ஒரு வெற்றியும் இல்லாதவர், இந்தியாவை விட்டுக் கிளம்பும்போது ஐரோப்பிய டூரில் ஆடும் உரிமையோடு போனார்.

இந்த மூன்று போட்டிகளும் இப்போது இல்லை. முதலில் போனது பணக்காரப் போட்டியான இந்தியன் மாஸ்டர்ஸ். எமார் எம்ஜிஎஃப் அதே 2008 பிப்ரவரியில் பங்கு வெளியீட்டுக்கு வந்து, வாங்குவோர் போதாமல் அதைத் திரும்பப் பெற்றது. செப்டம்பரில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் வங்கி விழுந்தது. 2009 பிப்ரவரிக்குத் திட்டமிட்டிருந்த இரண்டாவது போட்டி ரத்தானது. ஒரே ஒரு முறை நடந்து, ஒரே ஒரு வெற்றியாளரோடு அந்தப் போட்டியின் வரலாறு முடிந்துவிட்டது. 1990 இல் தொடங்கி நாடு நாடாகச் சுற்றிய ஜானி வாக்கர் கிளாசிக்கும் 2009 இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் கடைசியாக நடந்தது. அங்கே வென்ற டேனி லீ அப்போது 18 வயது அமெச்சூர். ஆகவே முதல் பரிசுப் பணத்தை அவர் தொட முடியவில்லை.

மூன்றில் சிறியதான செயில் ஓப்பன்தான் அதிக காலம் நின்றது. இதைத் தற்செயல் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. தனியார் கட்டுமான நிறுவனத்தின் விளம்பரச் செலவு சந்தையோடு ஏறி இறங்கும். பொதுத்துறை நிறுவனத்தின் செலவோ கோப்பு வழியாக நகர்வது. தொடங்கவும் நேரம் பிடிக்கும், நிறுத்தவும் நேரம் பிடிக்கும். மேலும் 2007-08 நிதியாண்டில் செயிலின் நிகர லாபம் 7,500 கோடி ரூபாய்க்கு மேல். உலகம் முழுதும் உருக்குக்கு விலை இருந்த காலம் அது.

பாருக்கு 32 கீழே

2009 இன் செயில் ஓப்பன் குர்கான் பக்கத்தில் உள்ள கிளாசிக் கோல்ஃப் ரிசார்ட்டில் நடந்தது. தாய்லாந்தின் சப்சாய் நிராத் அங்கே எடுத்த எண் 256. பாரைவிட 32 அடி குறைவு. நான்கு சுற்றுப் போட்டி ஒன்றில் பாருக்கு இவ்வளவு கீழே பெரிய டூர் எதிலும் அதுவரை யாரும் முடித்ததில்லை. முந்தைய அளவு 31 கீழே. 2003 இல் ஹவாய்த் தீவின் கப்பலுவா மைதானத்தில் எர்னி எல்ஸ் எடுத்தது.

32 கீழே என்றால் என்ன என்பதை இப்படிப் பார்க்கலாம். நான்கு நாளில் மொத்தம் 72 குழி. ஒரு குழியைப் பாரைவிட ஓர் அடி குறைவாக முடிப்பதற்கு 'பர்டி' என்று பெயர். தவறே செய்யாமல் ஆடினாலும் 32 பர்டி வேண்டும். கிட்டத்தட்ட இரண்டு குழிக்கு ஒரு பர்டி. இடையில் ஒரு தவறு வந்தால் அதை ஈடுகட்ட இன்னொரு பர்டி வேண்டும். நான்கு நாளும் கை நடுங்காமல் இதைச் செய்ய வேண்டும்.

அமெரிக்காவின் பிஜிஏ டூரில் 32 ஐத் தாண்டிய எண் வர 2022 ஜனவரி ஆயிற்று. கேமரூன் ஸ்மித் 34 கீழே முடித்தார். பிறகு 2025 இல் ஜப்பானின் ஹிடேகி மட்சுயாமா 35 கீழே. இவ்விரண்டும் எர்னி எல்ஸ் ஆடிய அதே கப்பலுவாவில்தான் நடந்தன. இடையில் பதின்மூன்று ஆண்டு காலம் அந்த எண் ஹரியானாவில் நடந்த, நம் உருக்கு நிறுவனத்தின் பெயர் தாங்கிய ஒரு போட்டியின் பெயரில் இருந்தது. அது நடந்த காலத்தில் தமிழ் நாளேடுகளின் விளையாட்டுப் பக்கத்தில் கிரிக்கெட்டுக்கு அடியில் நாலு வரி வந்திருந்தாலே அதிகம்.

கல்லறைகளுக்கு நடுவே ஒரு மைதானம்

பிற்காலத்தில் இப்போட்டியின் வீடாக அமைந்தது டெல்லி கோல்ஃப் கிளப்பின் லோதி மைதானம். ஹுமாயூன் கல்லறைக்கு அருகில், மைதானத்துக்குள்ளேயே பழைய குவிமாடங்களும் கல்லறைகளும் நிற்கும் இடம். மயில்கள் சாதாரணமாக உலாவும். 1930களில் தொடங்கிய இம்மைதானத்தை 1970களில் ஆஸ்திரேலிய ஆட்டக்காரர் பீட்டர் தாம்சன் திருத்தி அமைத்தார். 1964 இல் நடந்த முதல் இந்தியன் ஓப்பனை வென்றவரும் அவரே.

இங்கே தூரம் அதிகமில்லை, அகலம்தான் இல்லை. பந்து விழ வேண்டிய புல்பாதையான ஃபேர்வே குறுகலாக ஓடும். இரு பக்கமும் முட்புதர். புதருக்குள் பந்து போனால் தேடுவதே வீண். உலகின் நீளமான அடிக்காரர்கள் இங்கே வந்து தங்கள் பெரிய மட்டையைப் பையிலேயே வைத்துவிட்டு, சிறிய மட்டையால் அளந்து அடிப்பார்கள். பலத்தைவிடத் துல்லியம் பெரிது என்ற நிலை. ஆகவே இந்த மண்ணிலேயே நடந்து பழகிய இந்தியருக்கு, அதிலும் கேடியாகப் பை சுமந்து ஒவ்வொரு புதரையும் அறிந்தவருக்கு, இது அனுகூலமான களம். சவுராசியா 2008 இல் எல்ஸ் போன்றோரை மீறி வென்றது இங்கேதான். குழியைச் சுற்றிய சிறு அடிகளில் அவருக்கு இருந்த தேர்ச்சியால் சக ஆட்டக்காரர்கள் அவர் பெயரைத் திரித்து 'சிப்புட்சியா' என்று அழைத்தார்கள். சிப், புட் இரண்டும் அந்தச் சிறு அடிகளின் பெயர்கள்.

செயிலின் தலைமை அலுவலகமான இஸ்பாத் பவன் இருப்பதும் அதே லோதி சாலையில். அலுவலகமும் மைதானமும் ஒரே வட்டாரம். சில கேள்விகளுக்கு விடை வரைபடத்திலேயே கிடைத்துவிடுகிறது.

வென்றவர்கள்

2011 இல் தாய்லாந்தின் கிராடெக் அபிபார்ன்ராத் வென்றார். அப்போது அவருக்கு வயது 21. ஆசியன் டூரில் அவரது முதல் வெற்றி. 2013 இல் அந்த டூரின் வருமானப் பட்டியலில் முதலிடம் பிடித்து, பிறகு அமெரிக்காவின் பிஜிஏ டூரில் முழு உரிமை பெற்ற முதல் தாய்லாந்துக்காரர் ஆனார்.

2012 இலும் 2013 இலும் வென்றவர் அனிர்பன் லாஹிரி. ராணுவ மருத்துவரின் மகன். பெங்களூரில் பயிற்சி எடுத்தவர். இரண்டு முறையும் நான்கு நாள் முடிவில் சமநிலை ஏற்பட்டு, கூடுதல் குழியில்தான் முடிவு தெரிந்தது. 2012 இல் தாய்லாந்தின் புரோம் மீசாவத்தை வென்றார். 2013 இல் அவரிடம் தோற்றவர் டெல்லியின் இளைஞர் ரஷீத் கான். லாஹிரியின் பிந்தைய வளர்ச்சி பலரும் அறிந்தது: 2015 இல் மலேசியன் ஓப்பன், இந்தியன் ஓப்பன், அமெரிக்காவின் பிஜிஏ சாம்பியன்ஷிப்பில் ஐந்தாம் இடத்தில் சமநிலை, ஆசியன் டூர் வருமானப் பட்டியலில் முதலிடம், பிரெசிடென்ட்ஸ் கோப்பையில் ஆடிய முதல் இந்தியர் என்ற பெயர், அடுத்த ஆண்டு ரியோ ஒலிம்பிக்.

எனக்குப் பிடித்தது 2014 இன் கதை. முந்திய ஆண்டு கூடுதல் குழியில் தோற்ற ரஷீத் கான் மீண்டும் அதே மைதானத்தில் கூடுதல் குழிக்கு வந்தார். இம்முறை எதிரே இருவர்: இந்தியாவின் மூத்த ஆட்டக்காரர் ஜோதி ரந்தாவா, வங்கதேசத்தின் சித்திகுர் ரஹ்மான். சித்திகுரும் டாக்காவில் பந்து பொறுக்கும் பையனாகவும் கேடியாகவும் இருந்து மேலே வந்தவர். ரஷீத் வென்றார். ஆசியன் டூரில் அவருடைய முதல் பட்டம் அது. அதே ஆண்டு தாய்லாந்தின் சியாங்மாயில் இன்னொன்றும் வென்றார். 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் வெள்ளி வென்ற இந்திய அணியில் இருந்தவர் அவர். தொழில்முறைக்கு வந்த பிறகு, உள்நாட்டில் தன் பழகிய மைதானத்தில் சர்வதேசப் போட்டி ஒன்று இருந்ததால்தான் இரண்டு முறை அப்படி உச்சியில் நிற்க முடிந்தது.

இதைச் சற்று விளக்க வேண்டும். ஆசியன் டூரில் ஒரு போட்டியை வென்றவருக்குப் பணத்தோடு, அடுத்த சில பருவங்களுக்குத் தகுதிச் சுற்று இல்லாமல் ஆடும் உரிமையும் கிடைக்கும். உலகத் தரவரிசைப் புள்ளிகளும் சேரும். சொந்த நாட்டில் போட்டி நடந்தால் உள்நாட்டு ஆட்டக்காரர்களுக்கென்று பல இடங்கள் ஒதுக்கப்படும். வெளிநாடு போகப் பணமில்லாத ஒருவர் பஸ் செலவில் அந்த வாசலுக்கு வந்துவிடலாம். இந்தியாவில் இப்படி வந்தவர்களின் வரிசை நீளமானது. 1991 இல் இந்தியன் ஓப்பனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அலி ஷேர், டெல்லி மைதானத்தின் கேடி. 2009 இல் அதே பட்டத்தை வென்ற பெங்களூரின் சி. முனியப்பா, கட்டடத் தொழிலாளியின் மகன். அவரும் கேடியாக இருந்தவர். சவுராசியா ஐரோப்பிய டூரில் வென்ற நான்கு பட்டங்களும் இந்தியாவில் நடந்த போட்டிகளில் வந்தவை: 2008 இந்தியன் மாஸ்டர்ஸ், 2011 அவந்தா மாஸ்டர்ஸ், 2016, 2017 இந்தியன் ஓப்பன். இவற்றில் முதல் இரண்டு போட்டிகள் இன்று இல்லை. இன்னொரு சவுராசியா வருவதற்கான வாசல்களில் அத்தனை குறைந்திருக்கின்றன என்பதே இதற்குப் பொருள்.

உருக்குப் பணம்

கடைசி ஆண்டுகளில் செயில்-எஸ்பிஐ ஓப்பனின் மொத்தப் பரிசுத்தொகை 3 லட்சம் டாலர். ஆசியன் டூர் வழக்கப்படி வென்றவருக்கு அதில் 18 விழுக்காடு, அதாவது 54,000 டாலர். 2014 இன் மாற்று விகிதத்தில் மொத்தப் பரிசு 1 கோடியே 85 லட்சம் ரூபாய் அளவுக்கு வரும்.

மக்கள் வரிப்பணத்தில் வளர்ந்த நிறுவனம் பணக்காரர் ஆட்டத்துக்குப் பணம் கொடுக்கலாமா என்ற கேள்வி நியாயமானது. இரும்பாலைக் குடியிருப்பில் தண்ணீர்க் குழாய் ஒழுகும்போது இந்தக் கேள்வி இன்னும் காரமாக வரும். ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்கவும் வேண்டும். அந்த ஆண்டு செயிலின் விற்பனை ஏறத்தாழ 50,000 கோடி ரூபாய். 1 லட்சம் ரூபாய் வியாபாரத்தில் நான்கு ரூபாய்க்கும் குறைவான தொகைதான் இந்தப் பரிசு. ஏற்பாட்டுச் செலவையும் சேர்த்து அதைப் பல மடங்காக வைத்துக்கொண்டாலும் அதனால் ஓர் ஆலை வாழவோ தாழவோ போவதில்லை. அதே நிறுவனம் ரூர்கேலாவில் ஹாக்கி அகாடமி நடத்தியது என்பதையும் சொல்ல வேண்டும்.

என் குறை வேறு. தொழில்முறை கோல்ஃப் போட்டி தொடங்குவதற்கு முன் 'புரோ-ஆம்' என்று ஒரு நாள் உண்டு. புரவலரின் பெரிய வாடிக்கையாளர்கள், அதிகாரிகள் போன்றோர் தொழில்முறை ஆட்டக்காரரோடு சேர்ந்து ஆடும் நாள். நிறுவனங்கள் கோல்ஃபைத் தேர்ந்தெடுப்பதற்கு முக்கியமான காரணமே அதுதான். நான்கு மணி நேரம் ஒரு வாடிக்கையாளரோடு புல்தரையில் நடக்கக் கிடைக்கும் வாய்ப்பு வேறெந்த விளையாட்டிலும் இல்லை. விருந்தினர் டெல்லியில் இருந்ததால் போட்டியும் டெல்லி வட்டாரத்தை விட்டு நகரவில்லை. பிலாய், பொகாரோ, ரூர்கேலா, துர்காபூர் என்று செயிலுக்கு உருக்கு நகரங்கள் பல. அங்கெல்லாம் தொழிலாளர்களும் அவர்கள் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களில் எவர் ஊருக்கும் இந்தப் போட்டி போகவில்லை. ஆலை ஊரில் வேர் இல்லாத ஒன்று நின்றபோது, ஏன் நின்றது என்று கேட்க ஆலை ஊரில் ஆளும் இல்லை.

டாடா ஸ்டீல் இதில் வேறு வழியில் போனது. அவர்களுடைய போட்டிகள் ஜாம்ஷெட்பூரின் பெல்டி, கோல்முரி மைதானங்களில் நடக்கின்றன. ஆலைச் சங்கு கேட்கும் தூரத்தில் உள்ள மைதானங்கள். இந்தியத் தொழில்முறை டூரின் ஆண்டு இறுதிப் போட்டி இன்றும் அந்த உருக்கு நகரத்தில் நடப்பது அதனால்தான் என்பது என் எண்ணம்.

எப்படி நின்றது

2014 க்குப் பிறகு ஆசியன் டூர் நாட்காட்டியில் செயில் பெயர் இல்லை. வழியனுப்பு விழா எதுவும் நடக்கவில்லை. கோல்ஃப் போட்டிகள் பொதுவாக இப்படித்தான் முடியும்: ஒப்பந்தக் காலம் தீரும், புதுப்பிக்க மாட்டார்கள், அடுத்த ஆண்டுப் பட்டியலில் அந்த வாரம் வேறு ஊருக்குப் போய்விடும்.

பின்னணியில் உருக்குச் சந்தை சரிந்துகொண்டிருந்தது. சீனாவிலிருந்து மலிவான உருக்கு குவிய, 2015-16 இல் செயிலுக்கு 4,000 கோடி ரூபாய்க்கு மேல் நட்டம். அடுத்த இரண்டு ஆண்டும் நட்டமே. 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த நிறுவனச் சமூகப் பொறுப்புச் சட்டமும் கிராமப்புற விளையாட்டு, ஒலிம்பிக் விளையாட்டு ஆகியவற்றுக்கான பயிற்சிச் செலவைத்தான் அந்தக் கணக்கில் ஏற்றது. ஒரு போட்டிக்குப் பெயர் வாங்கும் செலவு அதில் சேராது. நட்டக் கணக்கோடு அமைச்சகத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய ஒரு பொதுத்துறை நிறுவனம் கோல்ஃப் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் காலமாக அது இல்லை. அதே ஆண்டுகளில்தான் சேலம், பத்ராவதி, துர்காபூர் கலப்பு உருக்கு ஆகிய மூன்று ஆலைகளையும் தனியாருக்கு விற்கும் பேச்சு எழுந்தது. சேலத்தில் தொழிலாளர் போராட்டம் பல மாதம் நடந்தது. 2023 ஜனவரியில் சேலம் ஆலையை விற்கும் முயற்சியை மத்திய அரசு கைவிட்டது.

இந்தியாவில் தோன்றி மறைந்த மற்ற போட்டிகளையும் சேர்த்துப் பார்த்தால் காரணம் இன்னும் தெளிவாகும். அவந்தா மாஸ்டர்ஸ் 2010 இல் தொடங்கி 2013 இல் முடிந்தது. பானசோனிக் ஓப்பன் இந்தியா 2011 இல் தொடங்கியது. முதல் வெற்றியாளர் லாஹிரி, 2019 இல் வென்றவர் இன்று உலகப் புகழ் பெற்ற கொரியாவின் டாம் கிம், அப்போது வயது 17. இவை எல்லாமே ஒரு நிறுவனத்தின் பெயரிலேயே பிறந்தவை. நிறுவனம் விலகினால் மிஞ்சுவதற்குப் பெயர்கூட இருக்காது. 1964 முதல் நடந்துவரும் இந்தியன் ஓப்பனோ இந்திய கோல்ஃப் யூனியனுக்குச் சொந்தமானது. வில்ஸ், ராயல் சேலஞ்ச், ஹீரோ ஹோண்டா, ஹீரோ என்று முன்னொட்டு மாறிக்கொண்டே வந்தது. சிகரெட் கம்பெனி போனால் மதுபானக் கம்பெனி, அது போனால் மோட்டார் சைக்கிள் கம்பெனி. பின்னால் உள்ள பெயர் மாறவில்லை, கோப்பையும் ஒன்றே.

இன்று செயில் ஓப்பனைத் தேடுபவர் அதை அந்த ஆட்டக்காரர்களின் வெற்றிப் பட்டியலில்தான் பார்க்க முடியும். மார்க் பிரவுன், சப்சாய் நிராத், கிராடெக், லாஹிரி, ரஷீத் கான் ஆகியோரின் பெயருக்குக் கீழே ஆண்டும் எண்ணும் போட்டியின் பெயரும் அச்சாகியிருக்கின்றன. சவுராசியா முதன்முதலில் வென்ற லோதி மைதானத்தில் 2015 இன் இந்தியன் ஓப்பன் நடந்தபோது, கூடுதல் குழியில் லாஹிரியிடம் தோற்றவர் அதே சவுராசியா. மறு ஆண்டு அங்கேயே லாஹிரியைப் பின்னுக்குத் தள்ளி அவர் வென்றார்.